கோஆக்சியல் கனெக்டரில் கண்ணுக்குத் தெரியாத பாதி

அமெச்சூர் வானொலி நிலையத்தின் ஆன்டெனாவைப் பற்றியும் டிரான்ஸீவரைப் (அலைகளை அனுப்பவும் ஏற்கவும் செய்யும் கருவி) பற்றியும் மணிக்கணக்கில் பேசும் நாம், அவ்விரண்டையும் சேர்க்கும் கேபிளின் முனைகளைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். பேசினாலும், பி.எல்.259 வகைக் கனெக்டர் நல்லதா, ‘என்’ (N) வகை நல்லதா என்ற விவாதத்தோடு நின்றுவிடுகிறோம். வகையைக் காட்டிலும், கேபிளின் வெளிப்பின்னல் (மையக் கம்பியையும் அதன் காப்பையும் சுற்றியுள்ள உலோக வலை) கனெக்டரின் உடலோடு எவ்வளவு உறுதியாகச் சேர்ந்திருக்கிறது என்பதே அந்த இணைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

மையக் கம்பி, கனெக்டரின் நடுவிலுள்ள முள்ளின் நுனியில் பற்றவைக்கப்படுவதால், அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பின்னலின் நிலை அப்படியன்று. பி.எல்.259-இன் உடலிலுள்ள சிறு துளைகளின் வழியாகத்தான் ஈயம் அதைச் சென்றடைய வேண்டும். கனத்த உலோக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், சிறிய சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு நெடுநேரம் சூடாக்கினால், பின்னலில் ஈயம் பிடிப்பதற்குள் உள்ளிருக்கும் பாலிஎத்திலீன் காப்பு இளகி, மையக் கம்பி ஒருபக்கமாக நகர்ந்துவிடக்கூடும். பருத்த முனையும் கூடுதல் வாட்டும் கொண்ட அயர்னால் விரைவாக முடிப்பதே பாதுகாப்பானது. நிக்கல் முலாமில் ஈயம் எளிதில் ஒட்டாது என்பதால், துளையோரங்களை முதலில் அரத்தால் தேய்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளி முலாமும் டெஃப்லான் காப்பும் உள்ளவற்றில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை.

பின்னலின் மின்பாதை அங்கே முடிந்துவிடுவதுமில்லை. பி.எல்.259-இன் விளிம்பிலுள்ள பற்கள், அது செருகப்படும் எதிர்முனையான எஸ்.ஓ.239-இன் பள்ளங்களில் அமர்ந்து, திருகு வளையத்தின் அழுத்தத்தால் நிலைத்திருக்கும்போதுதான் வெளிக்கடத்தியின் தொடர்பு முழுமையடைகிறது. வளையம் சற்றே தளர்ந்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய அலை எவ்வளவு திரும்பிவருகிறது என்பதைக் காட்டும் அளவு; குறைவாக இருப்பதே நல்லது) காரணமின்றித் தாவும், ஏற்பியில் கரகரப்பு கேட்கும். மையமுள் பொருந்தியே இருப்பதால் பழுது ஆன்டெனாவில்தான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். 50 ஓம் அமைப்பில் 100 வாட் செல்லும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 1.4 ஆம்பியர். இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே அந்தச் சிறிய இடத்தில் 1 வாட் வெப்பமாகும். வெப்பம் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்த, தடை மேலும் கூடும்.

மின்மறுப்பைப் (இம்பீடன்ஸ்) பொறுத்தவரை, சிற்றலையில் (ஷார்ட்வேவ்) பி.எல்.259 போதுமானது; 432 மெகாஹெர்ட்ஸில் ‘என்’ வகையே வேண்டும். ஒரேயொரு எச்சரிக்கை: 75 ஓம் ‘என்’ வகையின் மையமுள் மெலிதானது. அதற்குரிய துளையில் 50 ஓம் முள்ளைத் திணித்தால் துளை விரிந்து கெடும்.

வெளியில் இருக்கும் இணைப்புக்கு முதல் எதிரி நீர். பி.எல்.259 நீர்புகாதபடி வடிவமைக்கப்பட்டதன்று. உள்ளே புகுந்த ஈரம் பின்னலின் இழைகளுக்கிடையே ஊர்ந்து கேபிளுக்குள் வெகுதூரம் செல்லும். அதனால் கேபிளில் இழப்பு கூடும்போது, திரும்பிவரும் அலையும் வழியிலேயே தேய்ந்துவிடுவதால், டிரான்ஸீவர் அருகே அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். முன்பைவிட நன்றாக இருப்பதாகக் காட்டும். ஆகவே, ஆன்டெனாவைத் தொடாமலே எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்திருந்தால் மகிழ வேண்டாம். ஆன்டெனா முனையில் டம்மி லோடைப் (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை ஏற்றுக்கொள்ளும் மின்தடை) பொருத்தி, கேபிளின் இரு முனைகளிலும் திறனை அளந்து ஒப்பிடுங்கள்.

தன்னொட்டு ரப்பர் நாடாவை நன்கு இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் வெயிலைத் தாங்கும் வினைல் நாடாவைச் சுற்றுவது நல்ல காப்பு. ஏற்கெனவே ஈரம் புகுந்துவிட்டால் கனெக்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. பளபளப்பான செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டிக்கொண்டே செல்ல வேண்டும், தெரியவில்லையென்றால் முழுக் கேபிளையும் மாற்ற வேண்டும்.