மே மாதச் சம்பளச் சீட்டு

ஜூன் 3, 2025, செவ்வாய், கோத்தகிரி

மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கி எதிர்த் தோட்டமே காணாமல் போய்விட்டது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாக அப்படியே. பொழுது போகாமல் மே மாதச் சம்பளச் சீட்டைத் திறந்தேன். மாதாமாதம் 92 டாலர் பிடிக்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு இந்தத் தடவை 276. சுளையாக மூன்று மடங்கு! அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் சம்பளப் பிரிவுக்குச் சுடச்சுட மெயில் எழுதினேன். அனுப்புவதற்குள் கரண்டும் நெட்டும் சேர்ந்து போய்விட்டன. நல்லதாய்ப் போயிற்று.

ஜூன் 4, புதன்

ஏப்ரல் சீட்டையும் மே சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் சம்பளம் 4,000. மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு வரி ஏப்ரலில் 56.67, மேயில் 54.00. மெடிகேர் 1.45 சதவீதம், 58 அல்லவா வர வேண்டும்? 4,000-ல் 92 போனால் 3,908. அதில் 1.45 சதவீதம், சரியாக 56.67. 276 போனால் 3,724, அதற்கு 54.00. காப்பீட்டுப் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி போடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சதவீதம் நடத்துகிறவளுக்கு இது உறைக்க ஐந்து மாதம்.

மூன்று மடங்கின் கதையும் தெரிந்தது. எனக்குச் சம்பளம் பத்து மாதம், காப்பீடு பன்னிரண்டு மாதம். ஜூன், ஜூலையில் பிடிக்கச் சம்பளமே இல்லாததால் மேயிலேயே சேர்த்து எடுத்துவிட்டார்கள். போன வருடம் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து வாங்கினேன். அண்ணன் வீட்டுக் கூரைக்குப் பணம் வேண்டுமென்று பத்து மாதமாக மாற்றி எழுதிக் கொடுத்தது சாட்சாத் நானேதான்.

ஜூன் 6, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்த அண்ணி சீட்டை வாங்கிப் பார்த்தார். “மெடிகேர்னு ஒண்ணு, இன்சூரன்ஸ்னு ஒண்ணு. ரெண்டு தடவை பிடிக்கிறாங்களே?” மெடிகேர் முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கு, எனக்குக் காய்ச்சல் வந்தால் அது எட்டிப் பார்க்காது. அண்ணியின் சீட்டில் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டுக்கு என்.எச்.ஐ.எஸ். என்று ஒரே ஒரு பிடித்தம், 300 ரூபாய். பார்க்கவே பொறாமை.

ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகும் ஆசிரியருக்கு முதல் இரண்டு வருடம் சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதிய வரியும் மெடிகேரும் பிடிக்க மாட்டார்கள். நான் போனது 2023 ஆகஸ்ட். 24 மாதம் இருக்கிறதென்று தெம்பாக இருந்தேன். அவர்கள் பார்ப்பதோ காலண்டர் வருடம். ஐந்தே மாதம் இருந்த 2023-ம் முழு வருடக் கணக்கில் போய், 2025 ஜனவரியிலேயே 6.2 சதவீதமும் 1.45 சதவீதமும் ஆரம்பித்துவிட்டன. சோஷியல் செக்யூரிட்டியில் ஓய்வூதியம் வாங்க 40 கிரெடிட் வேண்டும், குறைந்தது பத்து வருட வேலை. என் விசா மூன்று வருடம், நீட்டித்தால் ஐந்து. இரண்டு நாட்டுக்கும் இதில் ஒப்பந்தமும் இல்லை. கட்டியது கட்டியதுதான்.

அப்பா சிரித்தார். எஸ்டேட்டில் அவருக்குப் பி.எஃப். மட்டும்தான் பிடிப்பார்களாம். மருந்துக்கு எஸ்டேட் டிஸ்பென்சரி. எந்த நோவுக்கும் அதே சிவப்புத் தண்ணி.

ஜூன் 9, திங்கள்

விசா ஸ்பான்சர் வழியாக எடுத்த தனிக் காப்பீடு ஒன்றும் உண்டு. அதன் தாளைச் சாயங்காலம் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர் வரை சிகிச்சை. முடியாமல் போனால் ஊருக்குக் கொண்டுவர 50,000. அடுத்து 25,000 என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

“அது எதுக்கு பாப்பா?”

“அதுவும் பிளேன் செலவுதாம்மா.”

அம்மா கையிலிருந்த வர்க்கி டீயில் ஊறி, உடைந்து உள்ளே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தத் தாளை உள்ளே வை” என்றாள்.

ஜூன் 11, புதன்

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாசிப் படியில் வழுக்கி வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கோத்தகிரியில் எக்ஸ்ரே, கட்டு, மாத்திரை எல்லாம் சேர்த்து 850 ரூபாய், ரொக்கம். ஜூன் மாதத்துக்குக் கட்டிய 92 டாலர் கடலுக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்கிறது.

பழைய மெயிலை அழித்தாயிற்று. வரும் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளமாகவே மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு வரி. இடது கையால் அடிக்கக் கால் மணி நேரம் ஆனது.