ஆயா தொடுக்க நினைத்த மூன்று மாலைகள்

வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து வரும் பௌர்ணமியில், மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் மூவருக்கும் தன் கையால் தொடுத்த மாலை சாத்த வேண்டும் என்பது ஆயாவின் வேண்டுதல். எந்த மாலைக்கு எந்தப் பூ, எப்போது வாங்குவது, எப்போது கட்டுவது என்று எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதற்குள் அம்மன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டாள். வருஷத் திவசம் முடிந்து வந்த முதல் வெள்ளிப் பௌர்ணமியில் அந்த வேண்டுதல் நிறைவேறியது. தாயே, நடத்திக் கொடுத்தது நீதான்.

திருவொற்றியூர்க் காலாடிப்பேட்டையில் ஆயா கையால் பூ வாங்கி வைக்காத வீடு அபூர்வம். வாசலில் அவள் போடும் ஊடுபுள்ளிக் கோலத்தைப் பார்க்கத் தெருவில் நடப்பவர்கள் நிற்பார்கள். ஆனால் அவள் தன்னுடைய கலை என்று நினைத்தது பூத்தொடுப்பதைத்தான். சங்கிலி நாச்சியார் செய்த தொண்டு இது என்பாள். ஞாயிறு கிராமத்தில் பிறந்து, ஒற்றியூரில் கன்னிமாடத்தில் இருந்து ஈசனுக்குப் பூமாலை கட்டியவள் அந்த நாச்சியார். சுந்தரர் அவளைக் கண்டதே அந்தப் பூத்தொண்டில் இருந்தபோதுதான். அந்த ஒற்றியூரில் பிறந்துவிட்டு நூலும் ஊசியும் வைத்துக் கோத்த மாலையைக் கடையில் வாங்கிக்கொண்டு போவது ஆயாவுக்குப் பொறுக்காது.

நார் விஷயத்தில் அவள் மிகக் கண்டிப்பு. காய்ந்த வாழைநாரைப் பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டு, எடுத்து உதறி, துணியில் ஒற்றிவிட வேண்டும். ஊறாத நார் முடிச்சில் அறுந்துபோகும். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் முடிச்சு வழுக்கும், காய்ந்த பிறகு தளர்ந்து பூ உதிரும். கிழிக்கும்போது ஒரே அகலம் இருக்க வேண்டும், தடித்த நாரில் பூ நெருங்கி உட்காராது. காம்புகள் உள்பக்கம் பார்க்க இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு, மெல்ல இறக்க வேண்டும். "இழுக்காதடி, கழுத்து அறுந்துடும்" என்பதுதான் பேத்திகள் எல்லாரும் முதலில் கேட்ட பாடம். நார் தீர்ந்த பிறகு அடுத்த நாரை முடிந்தால் மாலையில் இடைவெளி தெரியும். ஒரு சாண் மீதி இருக்கும்போதே புது நாரைச் சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக நாலைந்து கட்டு கட்டிவிட்டுப் பழையதை விட வேண்டும். கட்டும் நேரமெல்லாம் முந்தானையால் மூக்கும் வாயும் மூடியிருக்கும். ஸ்வாமிக்கு முன்னால் நாம் முகர்ந்துவிடக் கூடாது.

மூன்று மாலைக்கும் அவள் போட்ட கணக்கு நேரத்தைப் பொறுத்தது. காலையில் மேலூருக்குச் செவ்வரளியும் மருக்கொழுந்தும். இதை வியாழன் ராத்திரியே கட்டலாம், வாடாது. அரளியில் வடியும் பால் விஷம், கட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. உச்சி நேரத்துக்கு வடிவுடையாளுக்குச் சம்பங்கி, நடுநடுவே பன்னீர் ரோஜா, அடியில் குஞ்சத்துக்குப் பதில் ஒரு தாமரை. இதுவும் ராத்திரி வேலைதான், ஆனால் ரோஜாவை மட்டும் கடைசியில் சேர்க்க வேண்டும், முதலிலேயே கட்டினால் கைபட்டுக் கைபட்டு இதழ் கன்றும். சாயங்காலம் கொடியிடையாளுக்கு முழுக்க முல்லை. முல்லையை முந்தின நாள் கட்டினால் ராத்திரியே மலர்ந்து மறுநாள் பழுப்பேறிவிடும். அதனால் தேரடிப் பூக்காரம்மாவிடம் முன்பணம் கொடுத்து, அன்று விடிகாலை பறித்த மொட்டாகக் கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்து, நடை சாத்தியிருக்கும் மத்தியான வேளையில் வீட்டில் உட்கார்ந்து கட்ட வேண்டும்.

மாலையை இரண்டு பாதியாகக் கட்டி அடியில் சேர்ப்பதுதான் சரி. ஒரே சரமாகக் கட்டி மடித்தால் இரண்டு பக்கமும் ஒரே நீளம் வராது. மேல் நுனிகளில் ஒரு முழம் வெறும் நார் விட வேண்டும். அர்ச்சகர் கிரீடத்தைத் தொடாமல் பின்னால் கொண்டுபோய் முடிய அது உதவும். இன்னொன்று, மாலை கனமாக இருக்கக் கூடாது. பௌர்ணமியன்று மாலைகள் வந்தபடியே இருக்கும். ஆள் உயர மாலையைப் பாதத்தில் வைத்து உடனே எடுத்துவிடுவார்கள். மெலிதான மாலை மற்ற மாலைகளுக்கு உள்ளே அம்மன் மேலேயே தங்கும். ஆயா எப்போதும் அம்மன் தோளிலிருந்து முழங்கால் அளவுக்கு மேல் கட்டியதில்லை. பிரம்புக்கூடையில் வாழையிலை விரித்து, நன்றாகப் பிழிந்த வேட்டித் துணி போட்டு அதன் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வியர்த்து, மேலூர் போய்த் திரும்புவதற்குள் சம்பங்கி கறுத்துவிடும்.

திருவொற்றியூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் மீஞ்சூர், அங்கிருந்து ஆட்டோவில் மேலூர். சாலை வழியாகப் போகிறவர்கள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு உச்சி நேரத்தைத் தவற விடுவார்கள், ரயிலே மேல். திருவுடையாளைச் சீக்கிரம் தரிசித்துவிட்டோம். செவ்வரளி அவளுக்கு அப்படிப் பொருந்தியது.

ஒற்றியூரில் கூட்டம் சந்நிதித் தெருவிலேயே ஆரம்பித்துவிட்டது. வரிசை நகரவில்லை, வெயில் தலையில் இறங்குகிறது, தள்ளுமுள்ளு வேறு. கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் பாடு பார்க்க முடியவில்லை. மூன்று கோயிலில் ஒன்றில், வெளியே நின்ற ஓர் ஆள் கூடையைப் பிடித்துக்கொண்டு, ₹500 கொடுத்தால் தானே உள்ளே கொண்டுபோய்ச் சாத்துவதாகச் சொன்னான். இப்படிக் கேட்பவர்களிடம் மாலையைக் கொடுக்காதீர்கள். அது அம்மன் கழுத்துக்குப் போகிறதா என்பது யாருக்கும் தெரியாது. வரிசையில் நின்று, அர்ச்சகர் கையில் நேராகக் கொடுங்கள், நேரமானாலும் பரவாயில்லை.

தெற்குப் பார்த்து நிற்கிற வடிவுடையாள் முன்னால் போய் நின்றதும் அந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கூடையிலிருந்து அர்ச்சகர் மாலையை எடுத்தார். தூக்கிப் பார்த்து, "நார்ல கட்டினதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மேலே விட்டிருந்த வெறும் நாரைப் பின்னால் கொண்டுபோய் முடிந்தார். தாமரை நேராக முழங்கால் மட்டத்தில் வந்து நின்றது, அளவெடுத்ததுபோல. ஆயா அளவெடுத்துத்தான் சொல்லியிருந்தாள், அவளுடைய கைச்சாணில். தீபம் காட்டும்போது சம்பங்கிக்கு நடுவே ரோஜாக்கள் மட்டும் சிவந்து தெரிந்தன. வெள்ளை நிறைய இருந்தால்தான் சிவப்பு பேசும் என்று ஏன் சொன்னாள் என்பது அப்போதுதான் விளங்கியது. வடிவுடையம்மா, எத்தனை வெள்ளிக்கிழமை அவள் உன் வாசலில் நின்றிருப்பாள்! வள்ளலாருக்குப் பசி அறிந்து சோறு போட்ட தாய் நீ. ஏழுகிணற்றிலிருந்து நடந்து வந்து 101 பாட்டில் உன்னைப் பாடினார் அவர். படிக்காத என் ஆயா முடிச்சு முடிச்சாகப் பாடினாள். அதையும் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். தள்ளுங்கள் தள்ளுங்கள் என்று குரல் வந்தபோதும் கால் நகரவில்லை.

ஆதிபுரீஸ்வரரைக் கவசத்தோடு தரிசித்து, தியாகராஜரை வணங்கி, மகிழமரத்தடிக்கு வந்தோம். சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்த இடம். மகிழம்பூவுக்கு முடிச்சே வேண்டாம், நடுவில் இயற்கையாகவே துளை உண்டு, நாரைக் கோத்துக்கொண்டு போனால் போதும். காய்ந்த பிறகும் வாசனை போகாது. ஆயாவின் புடவைப் பெட்டியைத் திறந்தால் இன்றும் அந்த வாசனைதான்.

மத்தியானம் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து முல்லையைக் கட்டினோம். மொட்டு மெலிசு, அதனால் இரண்டுக்கு இரண்டு போதாது, மூன்றுக்கு மூன்று வைத்து நெருக்கமாகக் கட்ட வேண்டும். மூன்றரைக்குக் கிளம்பி, பேசின் பிரிட்ஜில் ஆவடி வண்டிக்கு மாறி, திருமுல்லைவாயல். தொண்டைமான் என்ற மன்னனின் யானை முல்லைக்கொடியில் சிக்கி நின்ற தலம், முல்லையே தலவிருட்சம், அந்த அம்மனுக்கு வேறு எந்தப் பூவை ஆயா நினைப்பாள்? சாத்தும்போது மொட்டாக இருந்தது. மாசிலாமணீஸ்வரரைச் சந்தனக் காப்பில் தரிசித்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கும்போது கொடியிடையாள் மேல் பாதிக்கு மேல் விரிந்துவிட்டது. கட்டும் நேரத்தை அவள் எதற்காக மத்தியானத்துக்கு வைத்தாள் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. அர்ச்சகரே இரண்டாம் முறை ஆரத்தி காட்டினார்.

மூன்று சந்நிதியிலும் கொடுத்த பிரசாதப் பூவைக் குப்பையில் போடாமல், கால் படாத இடத்தில் செடியடியில் சேர்க்க வேண்டும். நாரும் மண்ணோடு மண்ணாக மட்கிவிடும், நைலான் நூலில் கட்டியதென்றால் மட்காது. வாழைநார்க் கட்டு இன்னும் மீதி இருக்கிறது, அடுத்த வெள்ளிப் பௌர்ணமிக்குச் சின்னப் பேத்தி முல்லை கட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மா, அவள் கைக்கும் வா.