கீகேப் நாட்குறிப்பு, கிளிநொச்சி

நவம்பர் 4
மல்லாவியிலிருந்து இன்னும் போன் இல்லை.

"கொன்ட்ரோலை அழுத்தவும்." கணினி வழிகாட்டியைத் தமிழாக்கும் வேலையில் காலை முழுக்க இந்த ஒரு வரிதான். விசைப்பெயரைப் பெட்டிக்குள் காட்டப் போடும் குறியீடு கீகேப் (keycap). அந்த டேக்குக்குள் விசையின் பெயர் மட்டுமே நிற்க வேண்டும். ஐ உருபு வந்து ஒட்டினதும் 'ல்' போய் 'லை' ஆகிவிடுகிறது. டேக்கை எங்கே மூடுவது? 'ல'வோடு மூடினால் வெளியே தள்ளப்பட்ட ஐகாரக் குறி புள்ளிவட்டத்தோடு அநாதையாக நிற்கும். முழுச் சொல்லையும் உள்ளே போட்டால் 'கொன்ட்ரோலை' என்று ஒரு விசை இருப்பதாகப் பெட்டி காட்டும். அப்படி ஒரு விசை எந்தப் பலகையிலும் இல்லை.

நவம்பர் 5
விடை கிடைத்தது. பெயர், டேக் மூடல், ஒரு இடைவெளி, பிறகு 'விசையை'. வேற்றுமை எல்லாவற்றையும் 'விசை' சுமக்கட்டும்.

நவம்பர் 6
கரண்ட் இல்லை. போனும் இல்லை.

நவம்பர் 7
பெயரைத் தமிழாக்குவதா? தமிழாக்கக் கூடாது என்றே முடிவு. ஷிப்டையும் 'மாற்று' எனலாம், ஆல்டையும் 'மாற்று' எனலாம். வாசிக்கிற பிள்ளை எதை அழுத்தும்? இங்கே கடையில் வாங்கும் பலகையில் ஆங்கிலம்தான் பொறித்திருக்கிறது. கண் எதைத் தேடுமோ அதுவே டேக்குக்குள் வர வேண்டும். கொன்ட்ரோல் விசையில் இருப்பது நான்கே ஆங்கில எழுத்து. அந்த நான்கையும் அப்படியே போடு.

எழுத்து விசைகளுக்கு இது இன்னும் முக்கியம். எஸ் விசை பாமினி தட்டச்சு முறையில் 'ள', தமிழ்99 முறையில் 'இ'. சேமிக்கும் குறுக்குவழிக்குத் தமிழ் எழுத்தைப் போட்டால் ஒரு பாதிப் பேருக்குப் பிழையாகப் போகும்.

பெரிய எழுத்தில் போடுவது பொறிப்பு அப்படி இருப்பதால்தான். அதைப் பார்த்து ஷிப்டையும் சேர்த்து அழுத்துகிறார்கள். லிப்ரே ஒபிஸில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றும் சேர்ந்தால் 'வேறு பெயரில் சேமி' திறக்கும். வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே இதற்கு ஒரு வரி வேண்டும்.

நவம்பர் 9
ஒன்றாக அழுத்துவது வேறு, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவது வேறு. வழிகாட்டியை எழுதும் குறியீட்டு முறையான டொக்புக்கில், பல விசைகளைச் சேர்க்கும் கீகொம்போ டேக்குக்கு அக்ஷன் பண்பு தராவிட்டால் ஒன்றாக அழுத்துவதாகவே கொள்ளப்படும். வரிசையாக என்றால் 'seq' என்று எழுதியே ஆகவேண்டும். நடுவில் கையால் கூட்டல் குறி போடாதே, அது வடிவமைப்பின் வேலை. பெரிதாக்கும் குறுக்குவழியில் கூட்டல் குறியே ஒரு விசை. கையால் போட்டால் இரண்டு கூட்டல் பக்கத்தில் பக்கத்தில் நின்று குழப்பும்.

நவம்பர் 10
இரவெல்லாம் மழை. இரணைமடு வான்கதவு திறப்பார்களாம் என்று பேச்சு. மல்லாவி றோட்டு எப்படியோ.

நவம்பர் 12
இணையப் பதிப்பில் விசைப்பெயர்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. அங்கே கீகேப் கேபிடி (kbd) டேக்காக மாறுகிறது, அதற்கு உலாவி தானாகவே மொனோஸ்பேஸ் எழுத்துருவைக் கொடுக்கிறது. அதன் இயல்பு அளவு 13 பிக்சல், சுற்றியுள்ள வரி 16. எழுத்துருவையும் அளவையும் சுற்றுவரியிலிருந்தே எடுக்கச் சொன்னதும் சரியானது. கோம்பினேஷன் வரி முடிவில் உடைந்து கொன்ட்ரோல் மேலேயும் எஸ் கீழேயும் போகாதபடி 'நோராப்' வைத்தேன். அழகாக இருக்கிறது. மனதுக்கு ஆறுதல்.

கூட்டல் சேர்க்கையில் வெளி கேபிடி முழுச் சேர்க்கைக்கு, உள் கேபிடி ஒவ்வொரு விசைக்கும். இரண்டுக்கும் பெட்டி வரைந்தால் பெட்டிக்குள் பெட்டி வரும். உள்ளதுக்கு மட்டும் வரை.

நவம்பர் 13
'எஸ்கேப்புக்குப் பிறகு.' திரும்பவும் அதே ஒட்டு! 'எஸ்கேப் விசைக்குப் பிறகு.' எத்தனை இடத்தில் விட்டிருக்கிறேனோ.

நவம்பர் 14
போன் வந்தது. நாளைக்குப் போகவேண்டும்.

அதற்கு முதல்: ஒரு பந்தி மட்டும் ஆங்கிலத்திலேயே வந்தது. மொழிபெயர்ப்பில் மூடும் கீகேப்பில் சாய்கோடு விடுபட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் பிஓ (PO) கோப்புக்கு நான் ஓட்டும் சரிபார்ப்பு டேக்கைப் பார்ப்பதில்லை, அதனால் தப்பிவிட்டது. மொழிபெயர்ப்பை வழிகாட்டியில் சேர்க்கும் கருவியான ஐடிஎஸ்டூல் எச்சரித்துவிட்டு ஆங்கில மூலத்தையே வைத்துவிட்டது. எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். 'விசை' இல்லாத கீகேப் மூடல்களையும் தேட வேண்டும், 3ஆம் அத்தியாயத்திலிருந்து