ரிசப்ஷனில் ஒரு 'பியானோ மேன்'

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கையில் ஐஸ்கிரீம் கப்போடு ஒரு பெரியவர் மேடையோரம் வந்து, "மக்களே, அந்தப் பாட்டு ஒண்ணு வாசியேன்" என்றார். எந்தப் பாட்டு? அது அவருக்கும் தெரியவில்லை. முனகிக் காட்டினார், இரண்டாவது அடியிலேயே மறந்துபோனது. எனக்கு உடனே அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் 'பியானோ மேன்' பாட்டு ஞாபகம். அதிலும் ஒரு கிழவர் இப்படித்தான், எப்படிப் போகும் என்று தனக்கே சரியாகத் தெரியாத பழைய பாட்டைக் கேட்பார்.

ஜோயலும் அப்போது கூலிக்கு வாசித்தவர்தான். 1971இல் வந்த முதல் ஆல்பம் தவறான வேகத்தில் பதிவாகி, குரல் கீச்சுக்குரலாகிவிட்டது. மாட்டிக்கொண்ட ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்க நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய், பில் மார்ட்டின் என்ற பெயரில் ஒரு பாரில் பியானோ முன்னால் ஒளிந்துகொண்டார். பாட்டில் வருகிறவர்கள் அங்கே அவர் பார்த்த ஆட்கள். அதில் வரும் வெயிட்ரஸ், பிறகு அவர் கட்டிக்கொண்ட எலிசபெத்.

1973 நவம்பரில் வந்த பாட்டு அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் 25ஆம் இடம் வரைதான் ஏறியது. ரேடியோவுக்காக நீளத்தை வெட்டினார்கள், அந்தக் கடுப்பை அடுத்த வருடமே 'தி என்டர்டெய்னர்' பாட்டில் தீர்த்துக்கொண்டார். அப்புறம் என்ன, இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் ஒலிப்பதிவுகளில் அதுவும் ஒன்று, அவர் கச்சேரிகளில் கூட்டமே பல்லவியைப் பாடியிருக்கிறது.

வாசிக்க ரொம்பக் கஷ்டம் கிடையாது. வலது கை அசையாமல் கிடந்தாலும் பரவாயில்லை, இடது கை சி, பி, ஏ, ஜி என்ற சுரங்களில் மாடிப்படி இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறங்கினால் பாட்டு வந்துவிடும். சரணமும் பல்லவியும் கிட்டத்தட்ட அதே படிகளில்தான். மூன்று எண்ணிக்கைத் தாளம் வேறு, சர்ச் கொயரில் வளர்ந்த நம்மூர்க் கைக்கு அது தானாகவே வரும். கழுத்தில் மாட்டிய மவுத்ஆர்கன் மட்டும் நம்மால் ஆகாது.

பெரியவருக்கு நாலைந்து பழைய பாட்டு தொட்டுக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். சரி என்று விட்டுவிட்டு, சும்மா அந்தப் படிகளில் இடது கையை இறக்கினேன்.

"ஆங், இதுதான்!" என்றார்.

கண்டிப்பாக இது இல்லை. ஆனாலும் ஐஸ்கிரீம் உருகி விரலில் வழிய, முடிகிறவரை அங்கேயே நின்றார்.