"ஐஜிஜி மட்டும்தான் சார், அது பழசு"

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நான்காம் நாள், வீட்டுப் பக்கத்து லேபில் டெங்கு கார்டு டெஸ்ட் எடுத்தோம். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகளில் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டுக்கும் அதில் தனித்தனி இடம். ஐஜிஜி இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு, ஐஜிஎம் பக்கம் ஒன்றுமே இல்லை. கவுன்டரில் இருந்த பெண், "ஐஜிஜி மட்டும்தான் சார். அது எப்பவோ வந்தது, பழசு" என்றார். 2017இல் ஊரே டெங்குவில் படுத்தபோது அம்மாவும் படுத்தவர்தான். கணக்கு சரியாக இருக்கிறதே என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இன்னமும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது; வயிற்று வலியும் வாந்தியும் ஆரம்பித்தன. அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். பிளேட்லெட் 62,000.

டியூட்டி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே, "இதுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்காம்மா?" என்று கேட்டார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. முதல் தடவை டெங்கு என்றால் ஐஜிஎம் முந்திக்கொள்ளும், ஐஜிஜி பின்னால் மெதுவாக வரும். இரண்டாம் தடவை அப்படியில்லை. உடம்புக்குப் பழைய ஞாபகம் இருப்பதால் ஐஜிஜி சில நாளிலேயே எகிறிவிடும். ஐஜிஎம் லேசாக வரும், சிலருக்கு வராமலே போகும். காய்ச்சலோடு வந்த அந்த அழுத்தமான கோடு உண்மையில் எச்சரிக்கை. இரண்டாவது டெங்குவில்தான் நிலைமை கடுமையாக வாய்ப்பு அதிகம். ரிசல்ட்டுக்குக் காத்திராமல் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) பார்த்து உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

கார்டைவிட நம்பகமான லேப் டெஸ்டான எலிசாவுக்கு ரத்தத்தைக் கொடுக்கப் போனால் அங்கே ஒரு கூத்து. படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதி இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாடி ஏறி, எழுதி வாங்கி, இறங்குவதற்குள் அன்றைய பிளேட் (சாம்பிள்களை ஊற்றும் தட்டு) போட்டுவிட்டார்கள். சாம்பிள்களைச் சேர்த்து ஒன்றாகத்தான் ஓட்டுவார்களாம். ஒரு நாள் போச்சு. எரிச்சலாக இருந்தாலும் அந்தத் தேதி முக்கியம்தான்: முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 (வைரஸின் புரதத்தையே தேடும் டெஸ்ட்), அதற்குப் பிறகு ஐஜிஎம் எலிசா. கார்டில் எது வந்தாலும் எலிசாவில் உறுதி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

முடிவு: என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஎம் எல்லையில், ஐஜிஜி மிக அதிகம். "டெங்கு வைரஸ் நாலு வகையில இது எது டாக்டர்?" என்றேன். இந்த டெஸ்டில் அது தெரியாது, ஒன்றுக்கு உண்டான ஆன்டிபாடி மற்றதிலும் ஒட்டிக்கொள்ளும், வகை தெரிய பிசிஆர் வேண்டும் என்றார். சிகிச்சை எப்படியும் ஒன்றுதானாம்.

மருத்துவமனையில் சேர்த்த ஆறாம் நாள் அம்மா வீடு திரும்பினார். கோபத்தோடு லேபுக்குப் போனேன். அந்தப் பெண் பழைய ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல டெங்கு இல்லன்னு எங்க சார் எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லைதான். வாயால்தான் சொன்னார்.