டைரியில் வந்த 'அடம்'

என் மகனுக்கு சார்ஜ் சிண்ட்ரோம். சுமார் 10,000 பிறப்புகளில் ஒன்று என்ற கணக்கில் வரும், கண், காது, இதயம் என்று பலவற்றையும் பாதிக்கக்கூடிய மரபணுக் கோளாறு. பெரும்பாலானோருக்கு சிஎச்டி7 மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம் என்பதையே 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். இதயம், மூக்கு என்று நடந்த ஆபரேஷன்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் முடிந்து, பள்ளிக்கூட டைரியில் 'அடம்', 'அடம்' என்று வர ஆரம்பித்ததே, அதைப் பற்றி.

ஊஞ்சலில் ஏறினால் இறங்க மாட்டான். இறக்கினால் தன் கையையே கடித்துக்கொள்வான். மேஜையில் உட்கார வைத்தால் சரிந்து தரைக்குப் போய்விடுவான். டாக்டர் சொல்லி, எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் மதிப்பீட்டுக்குப் போனோம். திட்டமிடுவது, தன்னைக் கட்டுப்படுத்துவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் இதில் வரும்.

பெற்றோர் நிரப்பும் 'பிரீஃப்' படிவத்தின் முதல் பதிப்பைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள், அதில் 86 கேள்விகள். கண்ணும் காதும் சரியாக உள்ள பிள்ளையை நினைத்து எழுதியவை. சொன்னதைச் செய்யவில்லை என்றால், காதில் விழவில்லையா, விழுந்தும் செய்யவில்லையா? அப்படிக் குழம்பும் இடத்திலெல்லாம் ஓரத்தில் எழுதுங்கள் என்றார் சைக்காலஜிஸ்ட். மார்க்கைவிட அந்த ஓரக்குறிப்புகள்தான் எங்களுக்கு உதவின. போகிறவர்கள், ஹியரிங் எய்டு போட்டிருக்கும்போது எப்படி, கழற்றினால் எப்படி என்று முன்பே குறித்துக்கொண்டு போங்கள்.

மாறுவதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம் என்று வந்தது. தரையில் படுப்பதற்கும் விடை கிடைத்தது. சார்ஜ் பிள்ளைகள் பலருக்கு உள்காதில் சமநிலைக்கான அரைவட்டக் குழல்கள் இருப்பதில்லை, அல்லது சரியாக வளர்ந்திருப்பதில்லை. நிமிர்ந்து உட்காருவதற்கே கவனம் முழுக்கச் செலவாகிவிடும். பிறகு பாடத்துக்கு எங்கே போவது? இப்போது எழுத்து வேலை படுத்துக்கொண்டுதான். டீச்சருக்கு இன்னமும் பிடிக்கவில்லை.

மாறுவதற்கு உதவியாக 'பொருள் நாள்காட்டி' வைத்தோம்: அடுத்து என்ன வேலை என்பதை, அதற்கான பொருளைத் தொட்டே தெரிந்துகொள்ளலாம். வரிசையாக அறைகள் உள்ள ஒரு மரப்பெட்டி. தெரு ஆசாரி செய்து கொடுத்தார். குளிக்க மக்கின் கைப்பிடி, சாப்பாட்டுக்கு ஸ்பூன், பெரம்பூர் ஆச்சி வீட்டுக்கு ஆச்சியின் பழைய புடவை ஜரிகை. மோப்பம் அவனுக்குக் கிடையாது, இதுவும் சார்ஜில் சகஜம். அதனால் ஜரிகையைக் கட்டை விரலால் நெருடி நெருடித்தான் ஆச்சியைத் தெரிந்துகொள்வான். வேலை முடிந்ததும் அந்தப் பொருள் 'முடிந்தது' டப்பாவுக்குள். டப்பென்று விழும் அதிர்வு கைக்குத் தெரிய வேண்டும் என்று தகர டப்பாவாக வைத்தேன்.

சிக்கல் நவம்பரில் வந்தது. சென்னையில் மழை விடுமுறையைக் காலையில்தானே அறிவிக்கிறார்கள்! பெட்டியில் பள்ளிப் பை வார் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். எதிர்பாராததற்கு என்று உப்புத்தாள் துண்டு ஒன்றைப் பழக்கச் சொன்னார்கள். முதலில் நல்ல மாற்றங்களுக்கு மட்டும்: உப்புத்தாள் வந்தால் ஐஸ்கிரீம், உப்புத்தாள் வந்தால் கடற்கரை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மழை லீவுக்குப் போனோம். அன்றும் அழுதான், ஆனால் கையைக் கடிக்கவில்லை.

போன வாரம் மக்குக் கைப்பிடியைத் தானே எடுத்து, குளிக்காமலேயே 'முடிந்தது' டப்பாவில் போட்டுவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டான். போனில் சொன்னேன். "திட்டமிடுகிறானே!" என்று சைக்காலஜிஸ்ட்டுக்கு ஒரே சந்தோஷம். குளிப்பாட்ட வேண்டியது நான்.