'வரச் சொன்னார்', 'குடிக்கத் தண்ணீர்': ஆங்கிலத்தின் 'டு'வைத் தமிழ் வழியே பிடிப்பது

ஆங்கில இலக்கணத்தில் 'இன்ஃபினிடிவ்' என்ற தலைப்பு வந்ததுமே பலர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பெயர்தான் மிரட்டுகிறது, சரக்கு நம் வாயிலேயே இருக்கிறது. போக, வர, சாப்பிட, எழுத: காலமும் காட்டாமல் ஆளும் காட்டாமல், இன்னொரு வினைக்காகக் காத்து நிற்கிற 'செய' வாய்பாட்டு வினையெச்சம். ஆங்கிலத்தின் 'டு கோ', 'டு கம்', 'டு ஈட்' பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், காதில் பதியும்.

முதலில் காலம். போக நினைத்தேன், போக நினைக்கிறேன், போக நினைப்பேன். மூன்றிலும் மாறியது 'நினை' மட்டும்தான், 'போக' அசையவே இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: 'ஐ வான்டட் டு கோ'. இறந்தகாலம் 'வான்டட்'டில் ஏறிவிட்டது, பிறகு 'டு வென்ட்' என்று இன்னொரு முறை ஏற்றக் கூடாது. 'ஐ டிடின்ட் வென்ட்' என்று எழுதுவதும் இதே பிழைதான். 'போகவில்லை' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: போக + இல்லை. நாமே அங்கே எச்சத்தைத்தான் வைக்கிறோம், 'போனேன்இல்லை' என்று சொல்வதில்லை. 'டிடின்ட் கோ'வும் அதே கட்டுமானம்.

அடுத்த தொல்லை, 'டு' எங்கே வரும், எங்கே வராது என்பது. போக முடியும், போக வேண்டும், போகலாம் என்று நமக்கு எல்லாம் ஒரே மாதிரி. ஆங்கிலத்தில் 'கேன் கோ', 'மஸ்ட் கோ', 'மே கோ' என்பவற்றில் 'டு' கிடையாது. 'ஏபிள் டு கோ', 'ஹாவ் டு கோ', 'நீட் டு கோ' என்பவற்றில் உண்டு. 'ஹாவ் டு' பழகிய வாய் 'யூ மஸ்ட் டு கம்' என்று சொல்லிவிடுவது இதனால்தான். கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட் என்ற ஒன்பதுக்குப் பின்னாலும் வெறும் வினைதான். இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஆட்' மட்டும் 'ஆட் டு' என்றே வரும்.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது, அது தெரிந்தால் மனப்பாடம் செய்யும் சுமை குறையும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த எச்சம் ஒரே சொல்லாக இருந்தது. 'அன்' என்ற விகுதியோடு 'டிரின்கன்' என்றால் 'குடிக்க'. அதைத் தவிர, நம் நான்காம் வேற்றுமை போன்ற உருபை ஏற்று, முன்னால் 'டோ' சேர்த்து 'டோ டிரின்கென்னெ' என்றும் ஒரு வடிவம் இருந்தது, கிட்டத்தட்ட 'குடிப்பதற்கு'. 'கேன்', 'மே', 'ஷல்' இவற்றின் மூதாதைகள் முதல் வடிவத்தோடு சேர்ந்தவை. விகுதிகள் தேய்ந்து போன பிறகு அந்த முதல் வடிவம்தான் இன்று 'டு' இல்லாத வெறும் வினையாக நிற்கிறது. தொல்காப்பியம் சொல்லும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளிலும் 'செய', 'செயற்கு' என்று இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால் மனம் மகிழ்கிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே தேவைக்கு ஒரே மாதிரிக் கருவி செய்திருக்கின்றன.

'டு' இல்லாத கூட்டத்தில் இன்னும் சில உண்டு. போக விடு: 'லெட் ஹிம் கோ'. அழ வைத்தான்: 'ஹி மேட் ஹெர் க்ரை'. ஆனால் செயப்பாட்டு வினைக்கு மாறினால் 'மேட்' ஒரு 'டு' கேட்கும்: 'ஷி வாஸ் மேட் டு வெயிட்'. மெக்கானிக்கைக் கொண்டு பிரேக்கைப் பார்க்கச் செய்வதை 'ஐ ஹேட் த மெக்கானிக் செக் த பிரேக்' என்றும் சொல்லலாம், 'ஐ காட் த மெக்கானிக் டு செக் த பிரேக்' என்றும் சொல்லலாம். 'ஹேட்' வந்தால் 'டு' வேண்டாம், 'காட்' வந்தால் வேண்டும். 'ஹெல்ப்' இரண்டையும் ஏற்கும்.

இனி, தமிழே நம்மை வழிதவற வைக்கும் இடங்கள். அதிகப் பிழை வருவது 'என்று' என்ற சொல்லால்தான். 'நீ வரணும்னு ஆசைப்படுறேன்' என்பதை மனதில் வைத்து 'ஐ வான்ட் தட் யூ ஷுட் கம்' என்று கட்டிவிடுகிறோம். 'வான்ட்' அப்படி 'தட்' ஏற்காது. 'ஐ வான்ட் யூ டு கம்'. வரப்போகிற ஆள் 'வான்ட்'டுக்குச் செயப்படுபொருளாகிவிடுகிறார், அதனால் 'ஹி' அல்ல, 'ஹிம்': 'ஐ வான்ட் ஹிம் டு கம்'. ஆஸ்க், டெல், அட்வைஸ், இன்வைட், ரிமைன்ட், வார்ன், அலவ், எக்ஸ்பெக்ட் எல்லாம் இதே அச்சில் வரும். 'ஹோப்' நேர் எதிர். 'ஐ ஹோப் யூ டு கம்' தவறு, அதற்கு 'ஐ ஹோப் தட் யூ வில் கம்' என்றோ, 'தட்'டை விட்டு 'ஐ ஹோப் யூ வில் கம்' என்றோ சொல்ல வேண்டும். 'சஜெஸ்ட்'டும் ஆளை நேராக ஏற்காது. நம் அலுவலக மின்னஞ்சல்களில் தினமும் ஓடும் 'ஹி சஜெஸ்டட் மீ டு அப்ளை' தவறு. 'ஹி சஜெஸ்டட் தட் ஐ அப்ளை' என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் 'ஹி அட்வைஸ்ட் மீ டு அப்ளை' என்று வினையையே மாற்றிவிடுங்கள்.

'வரச் சொன்னார்' அழகான தமிழ், அதில் எச்சம் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. ஆனால் அந்தச் 'சொன்னார்' இங்கே 'செட்' ஆகாது. 'ஹி செட் மீ டு கம்' பிழை, 'ஹி டோல்ட் மீ டு கம்' சரி. மரியாதையாகக் கேட்டுக்கொண்டார் என்றால் 'ஹி ஆஸ்க்ட் மீ டு கம்'. எதிர்மறையில் 'நாட்' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'ஹி டோல்ட் மீ நாட் டு கம்' என்றால் வரவேண்டாம் என்றார். 'ஹி டிடின்ட் டெல் மீ டு கம்' என்றால் வரச் சொல்லவில்லை. முன்னது தடை, பின்னது வெறும் மௌனம். இடம் மாறினால் வீட்டில் சண்டையே வந்துவிடும்.

இரண்டாவது பொறி 'கு' உருபு. 'டாக்டரைப் பார்ப்பதற்கு வந்தேன்' என்பதில் உள்ள 'கு' நம்மை 'ஃபார்' பக்கம் இழுக்கிறது: 'ஐ கேம் ஃபார் ஸீயிங் த டாக்டர்'. ஒருவர் தன் செயலின் நோக்கத்தைச் சொல்லும்போது 'டு' மட்டும் போதும்: 'ஐ கேம் டு ஸீ த டாக்டர்'. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போதுதான் 'ஃபார்' பொருந்தும்: 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்'. நோக்கம் எதிர்மறையானால் வெறும் 'நாட் டு' தடுமாறும், 'ஸோ ஆஸ் நாட் டு' வேண்டும்: 'ஐ லெஃப்ட் ஏர்லி ஸோ ஆஸ் நாட் டு மிஸ் த பஸ்'.

மூன்றாவது, நன்றாக எழுதுபவர்களும் சறுக்குகிற இடம். குடிக்கத் தண்ணீர், உட்கார நாற்காலி, எழுதப் பேனா. தமிழில் எல்லாம் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் 'வாட்டர் டு டிரிங்க்' சரி, 'எ சேர் டு ஸிட்' குறை. ஏன்? பெயர்ச்சொல்லை வினைக்குப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். 'டிரிங்க் வாட்டர்' இடையில் எதுவும் கேட்கவில்லை. 'ஸிட் எ சேர்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'ஸிட் ஆன் எ சேர்' என்றுதான் சொல்வார்கள். அந்த 'ஆன்' தொலைந்துபோகக் கூடாது, கடைசியில் போய் நிற்க வேண்டும்: 'எ சேர் டு ஸிட் ஆன்'. இப்படியே 'எ பென் டு ரைட் வித்', 'பேப்பர் டு ரைட் ஆன்', 'எ ஹவுஸ் டு லிவ் இன்', 'ஸம்ஒன் டு டாக் டு'. வாக்கியம் 'டு'வில் முடிகிறதே என்று பயப்பட வேண்டாம். தமிழில் இந்த உறவைக் காட்ட உருபே தேவைப்படாததால்தான் நமக்கு இது கண்ணில் படுவதில்லை.

இதற்குத் தலைகீழாக, தேவையில்லாததைச் சேர்ப்பதும் உண்டு. 'திஸ் பேக் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட் இட்' என்பதில் கடைசி 'இட்' கூடாது, தூக்கப்படும் பொருள் முன்பே வந்துவிட்டது. தவிர, 'டூ ஹெவி' என்றாலே தூக்க முடியாத அளவு கனம். வெறும் 'ரொம்ப கனம்' என்று சொல்ல 'வெரி' போதும்.

'என்ன செய்வதென்று தெரியவில்லை' என்பது 'ஐ டோன்ட் நோ வாட் டு டூ'. ஹவ் டு, வேர் டு, வென் டு எல்லாம் இப்படி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கித்தான் வரும். தனிக் கேள்வியாக 'ஹவ் டு அப்ளை?' என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம், கேள்வி என்றால் 'ஹவ் டூ ஐ அப்ளை?'.

எல்லா 'டு'வும் எச்சத்தின் 'டு' அல்ல. 'ஐ அம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதில் 'மீட்டிங்' ஏன்? அந்த 'டு' வேற்றுமை உருபு போன்றது, அதன் பின் பெயர் வர வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு: 'டு'வுக்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே 'இங்' சேர்த்த வடிவம். 'வான்ட் டு இட்' நிற்காது, ஆகவே வெறும் வினை. 'ஐ யூஸ்ட் டு வாக்' என்றால் முன்பு நடப்பேன், இப்போது இல்லை. 'ஐ அம் யூஸ்ட் டு வாக்கிங்' என்றால் நடந்து பழக்கம். 'அம்' வந்ததும் அர்த்தமே வேறு.

'இங்' மட்டுமே ஏற்கும் வினைகளும் உண்டு: என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைன்ட், கீப், ப்ராக்டிஸ். இவற்றைப் பார்த்துப் பழகுவதைத் தவிர வழியில்லை. ஆனால் இரண்டையும் ஏற்றுப் பொருள் மாறும் வினைகளில் தமிழ் மிகச் சரியாகக் கைகொடுக்கும். 'வி ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ': டீ குடிக்க நின்றோம். 'வி ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ': டீ குடிப்பதை நிறுத்தினோம். 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்': கதவைப் பூட்ட மறக்கவில்லை. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்': கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது. 'ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ': ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன், திறக்க வரவில்லை போலும். 'ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ': ஜன்னலைத் திறந்து பார்த்தேன், காற்று வருகிறதா என்று. தமிழில் 'பூட்ட', 'திறக்க' என்று எச்சம் வந்தால் ஆங்கிலத்தில் 'டு'. 'பூட்டியது', 'திறந்து' என்று நடந்து முடிந்த செயலாக வந்தால் 'இங்'. திறக்கப் பார்ப்பதற்கும் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும், அதை வைத்தே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் 'ரியலி' போன்ற சொல்லை நுழைக்கலாமா என்று கேட்பார்கள். நுழைக்கலாம், 'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' இயல்பான ஆங்கிலம்.

கடைசியாக உச்சரிப்பு. நாம் எல்லா 'டு'வையும் எண் இரண்டைப் போல 'டூ' என்று நீட்டி அழுத்துகிறோம். இயல்பான பேச்சில் மெய்யெழுத்து ஒலிக்கு முன் அது வெறும் 'ட'வாகத் தேய்ந்துவிடும்: 'ட கோ', 'ட மேக்'. உயிரொலிக்கு முன் மட்டும் 'டு' என்று ஓரளவு கேட்கும்: 'டு ஈட்', 'டு ஆஸ்க்'. 'வான்ட் டு' பேச்சில் 'வானா' ஆகிறது, 'கோயிங் டு' 'கனா' ஆகிறது. 'ஹாவ் டு' என்பதில் 'வ்' ஒலி 'ஃப்' ஆகி 'ஹாஃப்ட' என்று கேட்கும், 'ஹாஸ் டு' 'ஹாஸ்ட' என்று கேட்கும். வெள்ளைக்காரர்கள் பேசுவது புரியவில்லை என்பவர்களுக்குப் பாதி நேரம் காதில் விழாமல் போவது இந்தத் தேய்ந்த 'ட'தான். 'ஐ ஹாஃப்ட கோ நவ்' என்பதை ஒரே மூச்சில் பத்து முறை சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை யாராவது சொல்லும்போது தானாகப் பிடிபடும்.